சிகிரியாச் சுவரில் உமியும் தும்பும்

சிகிரியாவுக்குப் போனால் நாங்களெல்லாம் அந்தப் பெண்களைத்தான் பார்க்கிறம். பின்னாலிருக்கிற சாந்தை யார் பார்க்கிறது? 5ஆம் நூற்றாண்டில், காசியப்பன் காலத்தில், பாறையில் முதலில் அப்பியது களிமண். அது வெடிக்காமல் நிற்க உள்ளே நெல் உமியும் தேங்காய்த் தும்பும். மேலே சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த பூச்சு. செங்காவி, மஞ்சட்காவி, பச்சை மண் என்று நிறங்களும் நிலத்திலிருந்தே வந்தவை.

ஈரச் சுண்ணாம்பில் தீட்டினால், அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து இறுகும்போது நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதுதான் அசல் ஃபிரெஸ்கோ. சிகிரியாவில் அப்படித்தானா, இல்லை பசை கலந்து தீட்டினார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இழுபறி. ஏட்டுச் சண்டைதானே என்று விடவும் ஏலாது. 1967இல் யாரோ ஓவியங்களில் பச்சைப் பெயின்ற் பூசிவிட்டுப் போக, இத்தாலியரான லூசியானோ மரான்சி வந்து துடைக்கவேண்டியிருந்தது. நிறத்தில் பசை இருந்தால், பெயின்றைக் கரைக்கிற திரவம் அந்தப் பெண்களையும் சேர்த்துக் கரைத்துவிடலாமே.