கடன்பட்டவர் கொடுத்த புத்தகம்

1746 செப்டம்பரில் லா பூர்தொனேயின் பிரெஞ்சுப் படை சென்னைப் பட்டணத்தைப் பிடித்தது. அங்கே தமிழ் லுத்தரன் சபையை நடத்திவந்த ஜெர்மானியப் போதகர் யோகான் பிலிப் பெப்ரீசியஸ் வடக்கே பழவேற்காட்டுக்கு ஒதுங்கினார். அது அப்போது டச்சுக்காரர் ஊர். 1613-இல் அவர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டை ஏரிக்கரையில் நின்றது. போர் ஓய்ந்து 1749-இல் பட்டணம் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பும்வரை பழவேற்காடு அவருக்குப் புகலிடம் தந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டு வேப்பேரியைச் சூறையாடியபோது, மறுபடியும் அதே வழி, அதே ஊர்.

இன்று அது திருவள்ளூர் மாவட்டம். பொன்னேரியில் பஸ் ஏறினால் பழவேற்காடு. ரயிலில் வடக்கே இன்னும் கொஞ்சம் போனால் கும்மிடிப்பூண்டி, சிப்காட், இரும்பு ஆலைகள். இந்த வட்டாரத்து ஜெபக் கூடங்களில் ஞாயிற்றுக்கிழமை திறக்கப்படும் தமிழ் வேதாகமத்தின் நடையில் பெரும்பங்கு அந்த அகதிப் போதகருடையது. புத்தகத்தை வைத்திருப்பவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. தெரியவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

புத்தகத்தின் பிறப்பு தரங்கம்பாடியில். 1706 ஜூலையில் டேனிஷ் மன்னர் அனுப்பிய மிஷனரி சீகன்பால்க் அங்கே கரையிறங்கினார். அடுத்த ஆண்டு மே மாதம் அந்த மிஷன் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்தது ஐந்து பேருக்கு. ஐவரும் டேனியர் வீட்டு அடிமைகள். இந்தச் செய்தியை மிஷன் வரலாறுகள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும். நான் அங்கேயே நின்றுவிடுகிறேன். தமிழ் வேதாகமம் தாளில் ஏறும் முன்னமே, அதன் உபதேசம் விலைக்கு வாங்கப்பட்ட ஐந்து மனிதர்களின் தலையில் தண்ணீராக இறங்கியிருக்கிறது.

1708-இல் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-இல் முடித்தார். அதை அச்சிட லண்டனிலிருந்து கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தைக் கப்பலேற்றியது. ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். இயந்திரம் தப்பியது. கூட வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகளோ அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கிவிடும். பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் வெளிவந்தன. மறு ஆண்டு புதிய ஏற்பாடு முழுதும் வந்தது. சீகன்பால்க் 1719-இல், 36 வயதில், மறைந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் அவரால் வரமுடிந்தது. மீதியை முடித்தவர் அதே மிஷனின் பெஞ்சமின் சுல்ட்சே. அவர் 1726-இல் சென்னைக்கு வந்து தொடங்கிய பணியைத்தான் 1742 கடைசியில் பெப்ரீசியஸ் ஏற்றுக்கொண்டார்.

இந்தப் புத்தகம் எந்த மண்ணுக்கு வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோவில் குளத்துக்கு ஹிருத்தாபநாசினி என்று பெயர். அமாவாசைக்கு அமாவாசை சனம் அங்கே முழுகி எழுகிறது. நோயோடு நெஞ்சின் பாரமும் நீரில் கரையும் என்ற நம்பிக்கை இங்கே பழையது. ஆகவே யோர்தான் ஆற்றில் யோவான் ஜனங்களை முழுக்கினார் என்ற செய்தி இந்த ஊராருக்கு அந்நியமாக இருந்திருக்காது. புதிதாக இருந்தது வேறொன்று. அமாவாசை மாதாமாதம் திரும்பி வருகிறது. ஞானஸ்நானம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். காரணத்தைப் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தில் விளக்குகிறார். அவர் அதைக் கழுவுதல் என்பதோடு நிறுத்தவில்லை, அடக்கம் என்கிறார். தண்ணீருக்குள் போகிறவன் கிறிஸ்துவோடு புதைக்கப்படுகிறான், அவரோடு எழுந்து வருகிறான். இறந்தவன்மீது பழைய எஜமானுக்கு உரிமை இல்லை. அந்த எஜமானின் பெயர்தான் பாவம்.

பாவத்தைத் தனித்தனிக் குற்றங்களின் பட்டியலாகப் பவுல் இங்கே பார்க்கவில்லை. மனிதனைப் பிடித்து வைத்திருக்கிற ஆதிக்கமாக, அடிமைத்தளையாகப் பார்க்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் யூதர், கிரேக்கர் என்று பாராமல் எல்லாரையும் அதற்குக் கீழே நிறுத்திவிடுகிறார். யாரும் யாரையும் குனிந்து பார்க்க அங்கே மேடை கிடையாது.

பழவேற்காட்டில் இதை வாசிப்பது எளிதல்ல. 17-ஆம் நூற்றாண்டில் உள்நாட்டில் பஞ்சமோ போரோ வந்தபோதெல்லாம், பசியால் விற்கப்பட்டவர்களும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களும் இந்தத் துறைமுகத்தில் குவிக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோரை டச்சுக் கம்பெனி பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றிவிட்டது. ஏற்றியவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவர்கள் மொழியிலும் இதே வேதம் இருந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்று கலாத்தியர் நிருபம் அவர்களுக்கும் சொன்னது. கோட்டையில் குருமார் இருந்தார்கள். அவர்களில் ஆபிரகாம் ரோஜேரியஸ் 1632 முதல் பத்தாண்டு அங்கே ஊழியம் செய்து, பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து, இந்து சமயத்தைப் பற்றி அருமையான நூல் எழுதினார். 1651-இல் லைடனில் அது வெளியானது. அக்கம்பக்கத்து மக்களின் நம்பிக்கையை அத்தனை பொறுமையோடு கேட்ட ஊர், அதே மக்களைக் கப்பலேற்றியது. டச்சுக் கல்லறைகளின் செதுக்கு வேலையைப் படமெடுக்க வருகிறவர்களிடம் இதையும் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அந்த ஊர்தான் பெப்ரீசியஸுக்கு நிழல் கொடுத்தது. அவர் ஹெஸ்ஸே நாட்டுக் கிளேபெர்க்கில் 1711-இல் பிறந்தவர். முதலில் படித்தது சட்டம், பிறகுதான் இறையியல். 1749-இல் திரும்பி வந்தவருக்கு ஆங்கிலேயர் வேப்பேரியில் ஒரு கோவிலைக் கொடுத்தார்கள். அது கத்தோலிக்கரிடமிருந்து பறித்த கோவில். பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்ற சந்தேகமே காரணம். 1761-இல் பாண்டிச்சேரி விழுந்ததும் ஆங்கிலத் தளபதி அயர் கூட் அங்கிருந்த அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அரசாங்கத்துக்கு வேண்டியதை முதலில் அச்சடித்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு அதுவும் வேப்பேரிக்கு வந்தது. மன்னிப்பைப் போதிக்கும் புத்தகம் பறிமுதல் கோவிலில் வாசிக்கப்பட்டு, போர்க் கொள்ளையாய் வந்த இயந்திரத்தில் அச்சேறியது. அதை மறைத்து இந்தப் பயணத்தைச் சொல்ல எனக்கு மனமில்லை.

தரங்கம்பாடி மொழிபெயர்ப்பைத் திருத்தத் தொடங்கிய பெப்ரீசியஸ், வரிவரியாக முழுதையும் புதிதாகவே செய்துவிட்டார். மூலமொழியோடு ஒட்டியிருக்கவேண்டும், காதில் கேட்ட மாத்திரத்தில் தமிழனுக்கு விளங்கவும் வேண்டும் என்ற இரண்டையும் அவர் விடவில்லை. 1772-இல் புதிய ஏற்பாடு வேப்பேரியில் வெளிவந்தது. நடுவே ஞானப்பாட்டுகள், 1779-இல் சக போதகர் பிரைட்ஹாப்டோடு சேர்ந்து தமிழ்-ஆங்கில அகராதி. பழைய ஏற்பாடும் அவர் கையாலேயே தயாரானது.

பிறகுதான் விழுந்தார். சபையாரும் மற்றவர்களும் நம்பி ஒப்படைத்த பணத்தை அவர் வட்டிக்கு விட்டார். ஆற்காட்டு நவாபின் குடும்பத்தார்வரை அந்தப் பணம் போயிற்று. நவாபின் கடன் அந்தக் காலத்துச் சென்னையையே அரித்துக்கொண்டிருந்தது. 1785-இல் எட்மண்ட் பர்க் லண்டன் பாராளுமன்றத்தில் அதைப் பற்றி முழங்கினார். கொடுத்தது திரும்பவில்லை. கொடுத்தவர்கள் கேட்டார்கள். முதிய வயதில் பெப்ரீசியஸ் கடனுக்காகச் சிறைப்பட்டார். 1788-இல் சபைப் பொறுப்பு அடுத்த போதகர் கெரிக்கே கைக்குப் போயிற்று. 1791 ஜனவரி 23-இல், 80 வயது நிரம்பிய மறுநாள், பெப்ரீசியஸ் இறந்தார். அவருடைய பழைய ஏற்பாடு தரங்கம்பாடியில் முழுதும் அச்சேறி முடிந்தது 1796-இல்.

அவர் பணத்தாசை பிடித்தவர் என்று யாரும் சொன்னதில்லை. உலக விவகாரம் தெரியாதவர் என்று பரிந்து பேசுவார்கள். எனக்கு அந்தப் பரிவு போதாது. நம்பி வைத்த ஏழைகளின் பணமும் அதில் போயிருக்கும், அது தவறுதான். ஆனால் அவர் தமிழில் கொடுத்த மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் அவருக்கும் இடமிருக்கிறது. ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் காலில் விழுகிறான். ராஜா மனமிரங்கி முழுதையும் விட்டுவிடுகிறார். வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய கூட்டாளியின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் அன்றைய ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. ஆக முதல் கடன் 6 கோடி நாள் கூலி. இரண்டாவது 100 நாள் கூலி. பேதுரு கேட்ட கேள்விக்கு, எத்தனை முறை மன்னிப்பது என்பதற்கு, இயேசு சொன்ன பதில் இந்தக் கணக்கு. கர்த்தர் கற்பித்த ஜெபமும் மத்தேயுவில் பாவத்தைக் கடனாகவே பேசுகிறது; பிறர் நமக்குத் தரவேண்டியதை விட்டுவிடுவதோடு அதைக் கட்டிவைக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் இந்த உவமையை விளக்க அதிகம் மெனக்கெடவேண்டாம். ஒப்பந்தக்காரரிடம் நாள் கூலிக்கு நிற்கிறவர்களுக்கு நூறு நாள் கூலி என்பது எவ்வளவு என்று தெரியும். கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நிற்பதும் தெரியும். 2003-இல் சட்டம் வந்தும் அவன் வந்துகொண்டுதான் இருக்கிறான்.

புத்தகத்தின் பின்பாதி வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பு 1850-இல் வந்தது. சபைகள் அதை ஏற்கவில்லை. ஹென்றி பவர் தலைமையிலான குழு பெப்ரீசியஸின் நடையை அடித்தளமாக வைத்து முடித்த மொழிபெயர்ப்பு 1871-இல் நிலைபெற்றது. புராட்டஸ்டண்டு சபைகள் இன்றும் பெரும்பாலும் வாசிப்பது அதையே. கத்தோலிக்கருக்கும் பொதுவாக 1995-இல் திருவிவிலியம் வந்தது.

ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பற்றி மட்டும் வாதாடுகிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன்களும் கத்தோலிக்கரும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கிருபை நம் அறிவுக்கு முந்தியது என்கிறார்கள். பெந்தெகொஸ்தேயார் விசுவாசித்தவனைத்தான் முழுக்குகிறார்கள். மனந்திரும்பி ஞானஸ்நானம் பெறுங்கள் என்று பேதுரு எருசலேமில் சொன்ன வரிசையைக் காட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் வேதத்தில் ஆதாரமுண்டு. எனக்குப் பிடித்தது அப்போஸ்தலர் 8-இல் வரும் எத்தியோப்பிய மந்திரி. ரதத்தில் போகும்போது ஏசாயாவின் சுருளை உரக்க வாசிக்கிறார்; பிலிப்பு கூட ஏறிக்கொண்டு விளக்குகிறார்; வழியோரம் தண்ணீர் தெரிந்ததும் இனி என்ன தடை என்று இறங்கிவிடுகிறார். பேரணியில்லை, சான்றிதழில்லை. நெடுஞ்சாலை, புத்தகம், தண்ணீர், கற்றுக்கொடுக்க ஓர் ஆள்.

இந்த வட்டாரத்தில் பாவமன்னிப்பைப் பிரசங்கிப்பவர்களுக்கு எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிலேமோன் நிருபத்தை எடுங்கள். ஒரே அதிகாரம், 25 வசனம். ஒரே மூச்சில் வாசிக்கலாம். ஒநேசிமு என்ற அடிமை எஜமானைப் பிரிந்து வந்தவன், பவுலிடம் விசுவாசியானான். அவனை அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பவுல் எஜமானுக்கு எழுதுகிறார். அவன் ஏதாவது நஷ்டம் செய்திருந்தால், கடன்பட்டிருந்தால், என் கணக்கில் எழுது, நான் கட்டுகிறேன் என்று தன் கையாலேயே உறுதி தருகிறார். பழவேற்காட்டிலும் கும்மிடிப்பூண்டியிலும் இதை வாசித்துவிட்டு, யார் கணக்கை யார் ஏற்பது என்று சபை கூடிப் பேசட்டும்.