கண்ணாடிக் கதவுக்கு வெர்டிகல் பிளைண்ட்ஸ் மாட்டப் போறீங்களா? டிரில் போடும் முன் இந்த 3 விஷயத்தை முடிவு பண்ணிடுங்க!

திருச்சி தில்லை நகர், கே.கே. நகர், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலை பக்கம் உள்ள அடுக்குமாடி வீடுகள் பலவற்றில், ஹாலில் இருந்து பால்கனிக்குப் போக ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் நன்றாக வரும். ஆனால் அந்தக் கதவு மேற்குப் பார்த்து இருந்தால் கதை வேறு. சித்திரை, வைகாசியில் மதியம் 3 மணிக்கு மேல் சோபாவில் உட்கார முடியாது, டிவி திரையில் எதுவும் தெரியாது. கனமான துணித் திரை போட்டால் வீடே இருட்டாகிவிடும்.

இதற்காகத்தான் பலர் வெர்டிகல் பிளைண்ட்ஸ் வாங்குகிறார்கள். மாட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் சுவரில் ஓட்டை போட்ட பிறகு மாற்ற முடியாத விஷயங்கள் சில இருக்கின்றன. அதில் ஒன்று, வீட்டில் உள்ள குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்டது.

வெர்டிகல் பிளைண்ட்ஸ் என்றால் என்ன?

மேலே ஒரு அலுமினிய ட்ராக். அதில் ஓடும் ரன்னர்கள். ஒவ்வொரு ரன்னரிலும் செங்குத்தாகத் தொங்கும் ஒரு பட்டை. அவ்வளவுதான். பட்டை பெரும்பாலும் 4 இன்ச், அதாவது 100 மி.மீ. அகலத்தில் வரும். துணியிலும் உண்டு, பிவிசியிலும் உண்டு. பட்டைகளைத் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கதவைத் திறக்கும்போது மொத்தமாக ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். கதவு பக்கவாட்டில் நகர்வது போலவே பட்டைகளும் பக்கவாட்டில் நகர்வதால், ஸ்லைடிங் கதவுக்கு இது பொருந்துகிறது.

வெயில் எவ்வளவு குறையும்?

கண் கூசுவது நிச்சயம் குறையும். ஆனால் சூடு முழுவதும் போய்விடாது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் பட்டையில் படுகிறது. வெளிர் நிறப் பட்டை அதில் ஒரு பகுதியைத் திருப்பி வெளியே அனுப்பும். மீதி, அறைக்குள்ளேயே தங்கும். கரும் நிறப் பட்டை என்றால் இன்னும் அதிகமாகச் சூடாகும். அதனால் கண்ணாடியைப் பார்த்த பக்கம் வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருப்பது நல்லது.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுப்பதுதான் எப்போதும் சிறந்தது. பழைய வீடுகளில் தாழ்வாரமும் மூங்கில் தட்டியும் செய்த வேலை அதுதான். பால்கனியின் வெளி ஓரத்தில் ஒரு மூங்கில் தட்டி, உள்ளே வெர்டிகல் பிளைண்ட்ஸ் என இரண்டும் இருந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பட்டையை எந்தப் பக்கம் திருப்புவது என்பதும் முக்கியம். கோடையில் மாலைச் சூரியன் நேர் மேற்கில் இல்லாமல் சற்று வடக்கே தள்ளி இருக்கும். மார்கழியில் தெற்கே தள்ளி இருக்கும். எனவே மேற்குக் கதவில், கோடையில் இடைவெளி தெற்குப் பக்கம் பார்க்கும்படி பட்டைகளைத் திருப்பினால், நேர் வெயில் தடுபட்டு வெளிச்சம் மட்டும் வரும்.

முடிவு 1: எங்கே மாட்டுவது?

இரண்டு வழி உண்டு. கதவு நிலைக்கு உள்ளே மாட்டுவது ஒன்று. கதவுக்கு மேலே சுவரில் மாட்டுவது இன்னொன்று. ஸ்லைடிங் கதவில் இரண்டு கண்ணாடிக்கும் கொசுவலைக்குமாக ட்ராக் போவதால், நிலைக்குள் இடம் மிஞ்சுவது குறைவு. பெரும்பாலான வீடுகளுக்குச் சுவரில் மாட்டுவதே சரிவரும். யுபிவிசி அல்லது அலுமினிய நிலையிலேயே துளை போடுவதைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்து, கைப்பிடி. 4 இன்ச் பட்டை சுழலும்போது நடுவில் இருந்து இரு பக்கமும் 2 இன்ச் இடம் கேட்கும். கதவின் கைப்பிடி சுவரைத் தாண்டி 1 இன்ச் நீட்டிக்கொண்டிருந்தால், ட்ராக்கின் மையம் சுவரில் இருந்து குறைந்தது மூன்றரை இன்ச் தள்ளி இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் மாட்டினால், ஒவ்வொரு முறையும் பட்டை கைப்பிடியில் சிக்கும்.

அளவு எடுப்பது எப்படி?

நிலைக்குள் மாட்டுவதாக இருந்தால், அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உயரத்தையும் அப்படியே. மூன்றில் சிறிய அளவைத்தான் கடையில் கொடுக்க வேண்டும்.

சுவரில் மாட்டுவதாக இருந்தால், இரு பக்கமும் 4 இன்ச், மேலே 4 இன்ச் கூடுதலாக எடுக்கலாம். தரையில் இருந்து பட்டை அரை இன்ச் முதல் 1 இன்ச் மேலே நிற்க வேண்டும். இல்லையென்றால் வீடு துடைக்கும் ஈரம் பட்டையில் ஏறிக் கறையாகிவிடும்.

உதாரணத்துக்கு, 6 அடி அகலம், 7 அடி உயரக் கதவு 42 சதுர அடி. ஆனால் சுவரில் மாட்டும்போது அது சுமார் 49 சதுர அடியாகிவிடும். கடைகளில் சதுர அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள் என்பதால், எந்த அளவுக்கு பில் போடுகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு 2: எந்தப் பக்கம் ஒதுங்கணும்?

கதவு எந்தப் பக்கம் திறந்து வழி விடுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் பட்டைகள் ஒதுங்க வேண்டும். மாற்றி மாட்டிவிட்டால், பால்கனிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பட்டைகளை விலக்கிக்கொண்டுதான் போகணும். இரு பக்கமும் திறக்கும் நான்கு கண்ணாடிக் கதவு என்றால், நடுவில் பிரிந்து இரு ஓரமும் ஒதுங்கும் வகையைக் கேட்டு வாங்கலாம்.

திருச்சியில் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இங்கே வேகமாக அடிக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்தில், ஆற்றைப் பார்த்த பால்கனிகளில் கேட்கவே வேண்டாம். அம்மியே பறக்கும் ஆடிக்காற்றில் 4 இன்ச் துணிப்பட்டை எம்மாத்திரம்? கதவைத் திறக்கும் முன் பட்டைகளை முழுவதுமாக ஓரம் தள்ளிவிட வேண்டும். பாதியில் விட்டால் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு கொக்கி உடையும். பட்டையின் அடியில் வைக்கும் வெயிட்டும், அவற்றை இணைக்கும் சங்கிலியும் ஆட்டத்தை ஓரளவு குறைக்கும்.

முடிவு 3: கயிறா, கைக்கம்பியா?

பட்டைகளை நகர்த்தவும் திருப்பவும் வளையமாகத் தொங்கும் கயிறும் மணிச் சங்கிலியும் வரும். அல்லது வாண்ட் எனப்படும் ஒற்றைக் கைக்கம்பி வரும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், பேரன் பேத்தி வந்து போகும் வீடாக இருந்தாலும், கைக்கம்பிதான் பாதுகாப்பு.

காரணம் இதுதான். தொங்கும் வளையத்தைக் குழந்தை விளையாட்டாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டால், சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் விபரீதம் நடந்துவிடும். பெரியவர்கள் அதே வீட்டில் இருக்கும்போதே இப்படி நடந்திருக்கிறது. ஜன்னல் திரைக் கயிறுகளில் சிக்கி ஆண்டுக்குச் சராசரியாக 9 சிறு குழந்தைகள் இறப்பதாக அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்துள்ளது. அங்கே 2024 ஜூன் முதல் அமலில் உள்ள தரநிலை, தளர்வாகத் தொங்கும் இயக்கக் கயிறுகளுக்கு இடம் தரவில்லை.

கயிறு உள்ளதைத்தான் வாங்கியாகிவிட்டதா? அப்படியானால் வளையத்தின் அடிப்பகுதியைச் சுவரில் ஒரு கிளிப் வைத்து, தளர்வே இல்லாமல் இறுக்கிப் பொருத்த வேண்டும். வளையம் தரையில் இருந்து 5 அடிக்குக் கீழே வராதபடி இருந்தால் நல்லது. கட்டில், சோபா, நாற்காலி எதையும் அதன் பக்கத்தில் போடக் கூடாது.

மாட்டும் முறை

1. வாடகை வீடு என்றால் முதலில் வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள்.

2. துளை போடும் இடத்தை பென்சிலில் குறியுங்கள். இரு முனையில் இருந்தும் 3 இன்ச் உள்ளே ஒவ்வொன்று, நடுவில் சுமார் 3 அடிக்கு ஒன்று. ஆறே முக்கால் அடி ட்ராக்குக்குக் குறைந்தது 3 பிராக்கெட் வேண்டும்.

3. ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ட்ராக் சாய்ந்தால் பட்டைகளின் அடி வரிசை கோணலாகத் தெரியும், ரன்னரும் சரிவாக ஓடும்.

4. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளை போடாதீர்கள். சுவருக்குள் வயர் போகும் பாதை பெரும்பாலும் அதுதான்.

5. கதவுக்கு மேலே இருப்பது கான்கிரீட் லிண்டல். சாதாரண டிரில் ஏறாது, ஹேமர் டிரில் வேண்டும். கம்பி தட்டினால் சற்று தள்ளிப் போடுங்கள். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் என்றால், பூச்சைத் தாண்டி செங்கல்லைப் பிடிக்கும் நீளத்தில் பிளக்கும் திருகும் தேவை. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் வெறும் பலகையில் மட்டும் திருகினால், ஒருநாள் மொத்தமும் கீழே வந்துவிடும்.

6. பிராக்கெட்டில் ட்ராக்கைப் பொருத்தி, 'கிளிக்' சத்தம் வந்ததா என்று பாருங்கள். இழுத்துப் பார்த்தும் உறுதி செய்யுங்கள்.

7. எல்லா ரன்னர் கொக்கிகளையும் ஒரே திசைக்குத் திருப்பிய பிறகு பட்டைகளை மாட்டுங்கள். கடைசியாக வெயிட், சங்கிலி.

ஏணியில் ஒருவர் ஏறினால், கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பது அவசியம்.

பிறகு பிரச்சனை வந்தால்?

ஒரு பட்டை மட்டும் வேறு பக்கம் திரும்பி நின்றால், எல்லாவற்றையும் ஒரு முனை வரை, பிறகு மறுமுனை வரை முழுவதும் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் வரிசைக்கு வந்துவிடும். பட்டையைக் கழற்ற வேண்டுமானால், கொக்கிக்கும் பட்டைக்கும் நடுவே பழைய ஏடிஎம் கார்டைச் செருகினால் எளிதாக வரும். இழுத்தால் மேல் ஓரம் கிழியும்.

எல்லாம் முடிந்ததும் தரையில், குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். கைக்கு எட்டும் இடத்தில் ஏதாவது வளையம் தொங்குகிறதா? தொங்கினால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். மாட்ட வந்தவர் கிளம்பும் முன்பே அதை இறுக்கச் சொல்லுங்கள்.