கடலுக்கு ஏர் பூட்டும் கடல் அட்டை! மன்னார் வளைகுடாவின் முள்தோல் உயிரினங்கள்

உடன்குடின்னா சட்டுனு நினைவுக்கு வருவது கருப்பட்டி. அங்கிருந்து கொஞ்ச தூரம் கடலை நோக்கிப் போனால் மணப்பாடு. திருச்செந்தூருக்கு வருகிற பலரும் இந்தக் கரையில் கால் நனைத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். இந்தக் கடலில் முத்தும் சங்கும் மட்டுமல்ல, நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை என்று ஒரு விநோதக் குடும்பமே வாழ்கிறது. பள்ளிப் பாடத்தில் 'முட்தோலிகள்' என்று படித்தோமே, அவைதான்.

மூளை கிடையாது!

பெயரில் மீன் இருந்தாலும் நட்சத்திர மீன் மீனே இல்லை. செவுள் இல்லை, துடுப்பு இல்லை, மூளையும் இல்லை. உடம்புக்குள் ஓடும் குழாய்களில் கடல்நீர் நிரம்பியிருக்கும். அந்த நீரின் அழுத்தத்தில்தான் அடிப்பக்கத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான குழாய்க் கால்கள் இயங்குகின்றன. இந்தக் கால்களால் சிப்பியைப் பிடித்து இழுத்து, லேசாகத் திறந்ததும் தன் இரைப்பையையே வெளியே தள்ளி, உள்ளே விட்டு, அங்கேயே செரித்துவிடும். முத்துச்சிப்பிப் படுகைகளுக்கு இவை எதிரியானது இப்படித்தான்.

நன்னீரில் இந்தக் குடும்பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆறு, குளம் எங்கு தேடினாலும் கிடைக்காது.

மண்ணைத் தின்று மண்ணைக் காக்கும்

இந்தக் குடும்பத்தில் அதிகம் பேசப்படுவது கடல் அட்டை. பார்க்க வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும். இது ஆசனவாய் வழியாக நீரை உள்ளிழுத்து சுவாசிக்கும். ஆபத்து வந்தால் சில வகைகள் குடலையே வெளியே தள்ளிவிட்டு, பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும். இது மணலை விழுங்கி, அதிலுள்ள மக்கிய சத்தை எடுத்துக்கொண்டு, சுத்தமான மணலை வெளியேற்றும். மண்புழு வயலுக்குச் செய்வதைக் கடல் அட்டை கடலடிக்குச் செய்கிறது.

ஏன் தடை?

நம்மூரில் யாரும் இதைச் சாப்பிடுவதில்லை. ஆனால் சீனாவில் இது விருந்துப் பண்டம். குடலை எடுத்து, வேகவைத்து, காயவைத்து ஏற்றுமதி செய்யும் தொழில் இந்தக் கரையில் நெடுங்காலம் நடந்தது. 'வெள்ளை அட்டை'க்குத் தனி மவுசு.

பிடிப்பு அதிகமாகி, இனம் அருகியதும் 2001-ல் கடல் அட்டைகள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. யானை, புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. பிடித்தாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை.

இந்தத் தடைக்கு உயிரியல் காரணமும் உண்டு. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் நீரில் விட்டுவிடும். இரண்டும் தண்ணீரில் சந்தித்தால்தான் குஞ்சு. பக்கத்தில் இன்னொரு அட்டை இல்லையென்றால் அத்தனையும் வீண். ஒருமுறை எண்ணிக்கை சரிந்துவிட்டால் தானாக மீள்வது கஷ்டம்.

ஆனால், அட்டையை நம்பி மூழ்கிய மீனவக் குடும்பங்களின் பிழைப்பு தடையால் ஒரே நாளில் நின்றது. வலையில் தானாகச் சிக்கினால்கூட வழக்கு வருமோ என்ற பயம் வேறு. எதிர்க்கரையான இலங்கையில் உரிமம் பெற்று அட்டை பிடிக்கலாம், பண்ணையிலும் வளர்க்கலாம். கடத்தலுக்கு வழி பிறப்பதும் அங்கேதான். தடையைத் தளர்த்தக் கோரும் குரல்கள் இன்னும் ஓயவில்லை.

இதற்கு ஒரு மாற்றுவழி தூத்துக்குடியிலேயே உருவானது. 1988-ல் இங்குள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில்தான், இந்தியாவில் முதன்முறையாக வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கினார்கள். பெருக்கிக் கடலில் விடவும் இந்த நுட்பம் உதவும்.

கடற்கரைக்குப் போகிறீர்களா?

* உயிருள்ள நட்சத்திர மீனைக் கையில் வைத்து செல்ஃபி எடுக்காதீர்கள். நீரை விட்டு எடுத்தால் அதனால் சுவாசிக்க முடியாது.

* காய்ந்த நட்சத்திர மீனை அலங்காரப் பொருளாக வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை பிடிப்பதும் நிற்காது.

* பாறைப் பகுதியில் செருப்போடு நடங்கள். கடல் முள்ளெலியின் முள் குத்தினால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி குறையும். வெளியே தெரியும் முள்ளை மட்டும் இடுக்கியால் எடுங்கள். ஆழமாகவோ மூட்டிலோ குத்தியிருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

* கடல் அட்டையைக் கண்டால் தொடாமல் விட்டுவிடுங்கள். அது வேலையில் இருக்கிறது.