மூச்சு யாருடையது? மன்னார்க் கடலை ஓசூரிலிருந்து வாசித்தல்

ஓசூரில் கடல் இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிக் கிடக்கிற ஊர். ஆனாலும் டாடாவும் அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் இங்கேதான் கைக்கடிகாரம் செய்கிறது. கடிகார முகத்தில் கடலின் ஆழம் ஒரு எண்ணாக ஒட்டிக்கொள்கிறது. உலகின் எந்தக் கம்பெனிக் கடிகாரமாக இருந்தாலும், '30 மீட்டர்' என்று போட்டிருப்பதை நம்பி முப்பது மீட்டர் முங்கிவிட முடியாது. அந்த எண் சோதனைக்கூடத்து அழுத்தத்தின் அளவு, அவ்வளவுதான்.

ஸ்கூபாவின் வரலாறும் ஓர் எண்ணில்தான் தொடங்குகிறது: 1943. பிரான்சில் குஸ்தோவும் காஞானும், அழுத்தி அடைத்த காற்றை ஆழத்துக்கேற்ப மூச்சுக்கு விடுகிற கருவியைச் செய்த ஆண்டு. அன்றுதான் மனிதன் கடலுக்கடியில் சுதந்திரமானான் என்பார்கள். எந்த மனிதன்?

பெரிப்ளூஸ் என்கிற, முதலாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, பாண்டியரின் கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்ததைச் சொல்கிறது. முத்தின் வரலாற்றை அரசனின் கழுத்திலிருந்து தொடங்குகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர். கொடி மாறியது, முங்குகிற உடம்பு மாறவில்லை. காலில் கல், இடுப்பில் கயிறு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஏறத்தாழ ஒரு நிமிஷம். தூத்துக்குடிப் பக்கம் கடைசி முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்தது.

முத்து போனது, பவளப்பாறை மிஞ்சியது. அதையும் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். கூலிக்கு வெட்டினவர்கள் கடலோர ஏழைகள். வாங்கினவை சூளைகளும் ஆலைகளும். 1986-இல் 21 தீவுகளைச் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவற்றில் இரண்டு தீவுகள் பிறகு நீருக்குள் போய்விட்டன. 2001-இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. அதே ஆண்டு கடல் அட்டையும் ஏறியது. அதைப் பிடிச்சு வாழ்ந்தவன் ஒரே நாளில் கடத்தல்காரன்.

பாறைக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்பதல்ல என் வாதம். ராமநாதபுரம் கரையில் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கிப் பாசி எடுக்கிற பெண்கள், மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தவர்கள். அவர்களைத்தான் தீவுப் பக்கம் வராதே என்று விரட்டுகிறார்கள். 2010-லும் 2016-லும் மன்னார்ப் பவளங்கள் வெளுத்தன. கடல் சூடேறும்போது, பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் தருகிற நுண்பாசி வெளியேறிவிடுகிறது. அந்தச் சூட்டை உண்டாக்கியது பாசி எடுக்கிற கைகளா, நம்மூர் மாதிரியான சிப்காட் நகரங்களும் அவை உருட்டிவிடுகிற லாரிகளுமா? வெப்பத்துக்கு வழக்கு இல்லை, முங்கினவளுக்கு உண்டு.

தூத்துக்குடியில் சங்கு எடுக்க சிலிண்டர் கட்டி முங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து சனி, ஞாயிறில் கடலுக்குப் போகிறவர் முதுகிலும் அதே சிலிண்டர்தான். ஒன்றுக்குப் பெயர் பிழைப்பு, மற்றதற்கு சாகசம்.

அன்று குற்றவாளியைப் பிடித்து முங்க வைத்தார்கள். இன்று முங்குகிறவரைப் பிடித்துக் குற்றவாளி ஆக்குகிறோம். இடையில் இரண்டாயிரம் ஆண்டு. பவளப்பாறையைக் காப்பது எப்படி என்று அங்கே மூச்சடக்கியவர்களை யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்காத சூழலியல் எதுவானாலும், அது பெரிப்ளூஸ் காலத்து அரசனின் மொழியைத்தான் பேசும்.