டிரேடு மார்க் ஆபீஸ்னு போன் வருதா? உஷார்!

சென்னை,

மசாலா பொடி, அப்பளம், இட்லி மாவு என சின்ன அளவில் தொழில் செய்பவர்களும் இப்போது கடை பெயரை டிரேடு மார்க் பதிவு செய்கிறார்கள். இவர்களை குறி வைத்து அரசு அலுவலகத்தின் பெயரில் மோசடி கும்பல்கள் பணம் பறிக்கின்றன.

"சார், டிரேடு மார்க் ஆபீசுல இருந்து பேசுறோம். உங்க கடை பேரை வேற ஒருத்தர் கேட்டிருக்கார். சாயங்காலத்துக்குள்ள பணம் கட்டலைன்னா பேரு போயிடும்" என்று பேசுவார்கள். விண்ணப்ப எண், தேதி, முகவரி எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைப்பார்கள். இதில்தான் பலரும் ஏமாந்து விடுகிறார்கள்.

இந்த விவரங்கள் ரகசியம் இல்லை. டிரேடு மார்க் பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம்பரை சரியாக சொல்வதால் ஒருவர் அதிகாரி ஆகிவிட மாட்டார்.

சிலருக்கு சிங்க முத்திரையுடன் கடிதமும் வரும். 'ஜர்னலில் பிரசுரிக்க கட்டணம்', 'சான்றிதழ் கட்டணம்' என்று கேட்டிருப்பார்கள். அப்படி தனி கட்டணமே கிடையாது. ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போதே ஒரு பிரிவுக்கு தனிநபர், சிறு தொழில் என்றால் ரூ.4 ஆயிரத்து 500, மற்றவர்களுக்கு ரூ.9 ஆயிரம் கட்டினால் போதும். வக்கீல், ஏஜெண்டு பீஸ் தனி.

பெயர் ஒரே நாளில் பறிபோகாது. ஜர்னலில் வெளியான பிறகு எதிர்ப்பு தெரிவிக்க 4 மாதம் அவகாசம் உண்டு. எதிர்ப்பு வந்தால் எழுத்து மூலம் நோட்டீஸ் வரும். பதில் தர உங்களுக்கு 2 மாதம் கிடைக்கும். புதுப்பிப்பது 10 ஆண்டுக்கு ஒரு முறைதான். தவறினாலும் கூடுதல் கட்டணத்துடன் 6 மாதம் வரை புதுப்பிக்கலாம்.

அதற்காக வரும் தபாலை எல்லாம் கிழித்து போட்டு விடாதீர்கள். ஆய்வு அறிக்கை உண்மையாகவே வந்திருந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகி விடும்.

சந்தேகம் வந்தால் போனை வைத்து விடுங்கள். அரசு இணையதளத்தில் உங்கள் விண்ணப்ப எண்ணை போட்டு நிலவரத்தை நீங்களே பாருங்கள். உங்கள் ஏஜெண்டிடம் கேளுங்கள். சென்னை கிண்டியில் உள்ள பதிவு அலுவலகத்திலும் நேரில் விசாரிக்கலாம். தனிநபர் செல்போன் எண்ணுக்கு கூகுள் பே மூலம் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடியேதான்.

பணம் போய் விட்டதா? உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். பாங்கிலும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு பணம் திரும்ப கிடைக்க வாய்ப்பு அதிகம்.