மேயரின் தாய் யார்? எட்வர்டியக் கால இங்கிலாந்தில் இரண்டு நகரத் தலைவர்களின் குடும்ப வரலாறு

அக்காலத்தில் இங்கிலாந்தின் நகர மன்றங்கள் மேயரைத் தேர்ந்தெடுத்த நாள் நவம்பர் 9. 1913இல் அது ஞாயிற்றுக்கிழமையாக வந்ததால் லண்டனின் பாட்டர்சீ மன்றம் மறுநாள் கூடியது. 40க்கு 39 என்ற கணக்கில், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், ஜான் ரிச்சர்ட் ஆர்ச்சர் மேயரானார். பாட்டர்சீயில் ஒளிப்படக்கூடம் நடத்தி வந்தவர் அவர், 1906 முதல் லாட்ச்மியர் வட்டத்தின் முற்போக்குக் கட்சி உறுப்பினர், கறுப்பினத்தவர். அவர் எந்த ஊர்க்காரர், யாருக்குப் பிறந்தவர் என்று பத்திரிகைகள் ஏற்கெனவே ஆளுக்கொரு கதை எழுதியிருந்தன. அவர் தாய் ரங்கூனில் பிறந்த பர்மியப் பெண் என்பதும் அவற்றுள் ஒன்று.

ஏற்புரையில் ஆர்ச்சர் முதலில் தீர்த்துவைத்தது இந்தக் கணக்கைத்தான். தந்தை மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்தவர், தான் பிறந்தது லிவர்பூலில், தாய் பர்மியப் பெண் அல்ல, ஐரிஷ் பெண் என்று மன்றத்தின் முன் அறிவித்தார். ஆங்கில நாட்டின் வரலாற்றில் நிறமுள்ள ஒருவர் மேயராவது இதுவே முதல் முறை என்றும் சொன்னார். அவருடைய குடும்ப வரலாற்றைத் தேடுபவருக்கு இந்த உரையே முதல் ஆவணம். பிறப்பைப் பற்றி அவர் சொன்னவற்றைப் பதிவேடுகள் உறுதிசெய்கின்றன. ‘முதல்’ என்பது மட்டும் தவறு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1904இல், நார்ஃபோக் மாவட்டத்தின் தெட்ஃபோர்டில் ஆலன் கிளேஸ்டர் மின்ஸ் மேயராகி இரண்டு முறை அப்பதவியை வகித்திருந்தார். ஒருவருடைய வெற்றி இன்னொருவருக்குத் தெரியாமல் போனது எப்படி என்ற கேள்வியே இக்கட்டுரையின் தொடக்கம். அதற்கான விடை இரண்டு குடும்பங்களின் பெண்களிடம் கொண்டுபோய் விடுகிறது.

மின்ஸ் 1858இல் பஹாமாஸின் இனாகுவா தீவில் பிறந்தார். நாசோவில் பள்ளிப்படிப்பு, பிறகு லண்டன் கைஸ் மருத்துவமனையில் பயின்று 1884இல் மருத்துவராகப் பதிவானார். தெட்ஃபோர்டில் அவருடைய அண்ணன் பெம்புரோக் முன்பே மருத்துவத் தொழில் நடத்தி வந்ததால் தம்பியும் அங்கேயே வந்து சேர்ந்தார். ஊர் ஏழையர் விடுதியிலும் சிறு மருத்துவமனையிலும் வைத்தியம் பார்த்தார். இந்த ஊர் தாமஸ் பெயின் பிறந்த இடம். மகாராஜா துலீப் சிங் வாழ்ந்த எல்வடன் மாளிகையும் அருகில்தான். தொலைதூரத்திலிருந்து வந்தவர்களைக் கண்டு பழகிய ஊர் என்று இதைச் சொன்னால் மிகையாகாது. ஆயினும் மின்ஸ் மேயரானதற்கு அதைக் காரணமாக்க நான் தயங்குகிறேன். சிற்றூர் மருத்துவர் ஒவ்வொரு வீட்டு வாசலையும் மிதித்தவர். அவருக்குக் கிடைக்கும் மரியாதையே போதுமான விளக்கம்.

மின்ஸ் குடும்பக் கிளை இரண்டு தலைமுறைக்கு முன்பு பிரிகிறது. பாட்டனார் ஜான் மின்ஸ் 1801இல் இங்கிலாந்திலிருந்து பஹாமாஸுக்குச் சென்றவர். பாட்டி ரோசெட், முன்பு அடிமையாக இருந்த ஆப்பிரிக்கப் பெண். ஆக, 1904இல் தெட்ஃபோர்டு மேயரின் சங்கிலியை அணிந்தவரின் குடும்பம், ஒரு வகையில், இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு நூறாண்டுக்குள் இங்கிலாந்துக்கே திரும்பியிருக்கிறது. ஜானின் பெயர் காகிதங்களில் தொடர்ந்து வரும். ரோசெட்டின் நிலை வேறு. பிரிட்டிஷ் அடிமை வாணிகம் 1807இல் தடைசெய்யப்பட்ட பின், குடியேற்றங்களில் அடிமைகளைக் கணக்கெடுக்கும் பதிவேடுகள் தொடங்கப்பட்டன. அவற்றில் உரிமையாளருக்கு முழுப்பெயர். அடிமைப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஒற்றைப்பெயர், வயது, நிறம், ஆப்பிரிக்காவில் பிறந்தவரா தீவில் பிறந்தவரா என்ற குறிப்பு, அவ்வளவே. அதற்கு முன்பே விடுதலை பெற்ற பெண்ணுக்கு அந்த ஒரு வரியும் கிடைக்காது. சொந்தபந்தங்களைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற விரும்பும் ஆய்வாளர் இந்த இடத்தில் வெகுநேரம் நின்றுவிடுகிறார்.

இங்கிலாந்துக்குள்ளும் பதிவேடுகளின் மௌனம் உண்டு. பத்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கில் பிறந்த இடம் கேட்கப்பட்டது. இனமோ நிறமோ 1991 வரை கேட்கப்படவில்லை. ‘பஹாமாஸ்’ என்று எழுதியிருந்தால் படிப்பவர் அங்கே குடியேறிய வெள்ளைக்காரர் என்றே எண்ணிக்கொள்வார். ‘லிவர்பூல்’ என்று எழுதியிருந்தால் அந்த எண்ணம்கூட எழாது. மின்ஸ் மறக்கப்பட்டதற்குப் பகை காரணமல்ல என்றே கருதுகிறேன். ஊரார் அவரை அறிந்திருந்தார்கள். அறிந்ததை எழுதிவைக்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

ஆர்ச்சரின் தடத்தைப் பின்தொடர்வது இதைவிடக் கடினம். 1863 ஜூன் 8 அன்று பிறந்தவர். தந்தை ரிச்சர்ட் ஆர்ச்சர் பார்படோஸ்காரர், கப்பலில் பணியாளர். தாய் மேரி தெரசா பர்ன்ஸ், ஐரிஷ் கத்தோலிக்கர். அக்கால ஆங்கிலேயப் பிறப்புச் சான்றிதழ் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் தந்தையின் தொழிலையும் தருகிறது. பெற்றோர் பிறந்த ஊரைத் தருவதில்லை. அந்தக் கட்டம் 1969இல்தான் சேர்ந்தது. அதாவது, ஆர்ச்சரைப் பற்றி 1913இல் எழுந்த சர்ச்சையைத் தீர்க்கக்கூடிய ஒரே விவரம் அவருடைய சான்றிதழில் இருக்க வழியில்லை. ரங்கூன் கதை அச்சேறியதற்கு வெறுப்பும் காரணம், இந்த வெற்றிடமும் காரணம்.

சரி, தாய்வழியில் மேலே போகலாம் என்றால் அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் பதிவது 1864இல்தான் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதிக் கணக்கெடுப்புத் தாள்கள் பெரும்பாலும் 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோயின. பிற்பாதியில் 1891 வரையிலானவற்றை அரசே அழித்துவிட்டது. தந்தைவழியில் பார்படோஸுக்குப் போனால் 1834 என்ற கோடு குறுக்கே நிற்கிறது. அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடப்புக்கு வந்த ஆண்டு அது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவருக்குக் குடும்பப் பெயர் இருக்கும்; அந்தப் பக்கம் பிறந்தவருக்கு அது பெரும்பாலும் எழுதப்படவில்லை.

பதவிக்கு வந்த பிறகும் இந்தக் குடும்ப வரலாறு ஆர்ச்சரை விடவில்லை. தன் தாயைச் சொல்லக்கூடாத சொற்களால் இழிவுபடுத்தும் கடிதங்கள் தனக்கு வருவதாக அவர் பொதுக்கூட்டத்தில் சொன்னார். குடும்ப வரலாறு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இந்த ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். கறுப்பினக் கணவரை மணந்த ஏழை ஐரிஷ் பெண் யார் என்பது அன்று அரசியல் கேள்வி. வாக்காளருக்கு முன் நின்ற மகன் தாயின் பெயரைக் காக்கவும் வேண்டியிருந்தது. மின்ஸுக்கு இத்தகைய சோதனை அடுத்த தலைமுறையில் காத்திருந்தது. பிரிட்டிஷ் படையில் அதிகாரியாவதற்குத் தூய ஐரோப்பிய வம்சாவளி வேண்டும் என்ற விதி நடப்பில் இருந்த நாளிலேயே, அவர் மகன் ஆலன் நோயல் மின்ஸ் படை மருத்துவ அதிகாரியாகி, கலிபோலியில் பணியாற்றி, இரண்டு உயர் வீரவிருதுகளைப் பெற்றார். அவர் தந்தைக்கு முன்பே, 1921இல் இறந்தார். தந்தை 1930 வரை வாழ்ந்தார்.

ஆர்ச்சரின் பிற்கால வாழ்வு ஓரளவு நன்கு அறியப்பட்டது. 1918இல் ஆப்பிரிக்க முன்னேற்றச் சங்கத்தின் தலைவர். 1922இல் பாட்டர்சீ வடக்குத் தொகுதியில் போட்டியிட்ட சாபுர்ஜி சக்லத்வாலாவின் தேர்தல் முகவர்.  ஆர்ச்சர் 1932இல் இறந்தார்.

இருவரும் திரும்ப அறியப்பட்டது மெதுவாக. பீட்டர் ஃபிரையரின் 1984ஆம் ஆண்டு நூல் ஆர்ச்சரைப் பரவலான வாசகரிடம் சேர்த்தது. ஜெஃப்ரி கிரீன் 1998இல் வெளியிட்ட எட்வர்டியக் காலக் கறுப்பினத்தவர் பற்றிய ஆய்வு மின்ஸைப் போன்றவர்களை அவர்களுடைய காலத்துக்குள் வைத்துக் காட்டியது. 2009இல் 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தாள்கள் இணையத்தில் கிடைத்தன. அதற்கு முந்தைய கணக்குகளில் எழுத்தர் பார்த்தெழுதிய பிரதிதான் மிஞ்சியது. 1911க்குக் குடும்பத் தலைவர் தம் கைப்பட நிரப்பிய தாளே இருக்கிறது. மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த குழந்தைகள் எத்தனை, உயிரோடிருப்போர் எத்தனை என்ற கேள்விகளும் அதில் உண்டு. 2013இல் பிரின்மேர் சாலையில் ஆர்ச்சர் வாழ்ந்த வீட்டில் நீலப் பலகை பதிக்கப்பட்டது.

மேரி தெரசாவுக்கு அப்படியொரு பலகை இல்லை. அவரைத் தேடுபவர் அரசுப் பதிவேட்டை மூடிவிட்டு லிவர்பூல் கத்தோலிக்கக் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைத் திறக்க வேண்டும். அவை லத்தீனில் எழுதப்பட்டவை. ஜான் அங்கே யோவான்னெஸ், மேரி அங்கே மரியா. தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு ஞானத்தந்தை, ஞானத்தாயின் பெயர்களும் அதே வரியில் வரும். ஐரிஷ் பெண்ணுக்கும் பார்படோஸ் கப்பல் பணியாளருக்கும் பிறந்த குழந்தையைக் கையில் ஏந்தி நிற்க முன்வந்த சொந்தக்காரர் யார், அண்டைவீட்டார் யார் என்று அந்த இரண்டு பெயர்கள் காட்டக்கூடும்.