திண்ணை போச்சு, நாய் கட்டிலுக்கு வந்துச்சு

நாய் எங்க படுக்கணும்ங்கறது நம்ம டெல்டா பக்கம் ஒரு 40 வருசத்துக்கு முன்னாடி யாரும் யோசிச்ச விஷயமே இல்ல. அதுக்குன்னு ஒரு இடம் இருந்துச்சு, அது அங்க படுத்துச்சு. இப்ப தஞ்சாவூர், கும்பகோணம் டவுனுல மட்டும் இல்ல, நம்ம கிராமத்துலயே "மெத்தையை விட்டு இறங்க மாட்டேங்குதுங்க, என்ன பண்றது"ன்னு கேக்குறாங்க. குட்டியா இருந்தப்ப மடியில வச்சு வளர்த்தது, முப்பது கிலோ ஆனதும் பாதிக் கட்டிலைப் பிடிச்சுக்குது. வீட்டுல குழந்தை பொறந்துட்டா பிரச்சினை பெருசாயிடுது. அடிச்சுப் பாக்குறாங்க. ராத்திரி வெளியில கட்டிப் பாக்குறாங்க, அது ஊளையிட்டுத் தெருவையே எழுப்புது. கடைசியில ஒரு நாள் வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் பைபாஸ் ஓரத்துல விட்டுட்டு வந்துடறாங்க. கழுத்துல பட்டைத் தடம் மாறாத நாய்ங்க வாய்க்கா கரையில சுத்துறதை இப்ப அடிக்கடி பாக்கலாம்.

இதுல நாயோட தப்பு ஒண்ணும் இல்ல. நம்ம வீடு மாறிப் போச்சு, அதனால வந்த வினை இது. அதைப் புரிஞ்சுக்கணும்னா கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

மனுசனும் நாயும் சேர்ந்து படுக்குறது உலகத்துல புதுசு இல்ல. இஸ்ரேல்ல ஐன் மல்லாகாங்கற இடத்துல சுமார் 12,000 வருசத்துக்கு முந்தின ஒரு புதைகுழியைத் தோண்டினாங்க. அதுல இருந்த ஆளோட கை ஒரு நாய்க்குட்டி மேல கிடந்துச்சு. நம்ம நாட்டுலயே காஷ்மீர் புர்சாகோம்ல புதிய கற்கால மக்கள் மனுசனோட நாயையும் சேர்த்துப் புதைச்சிருக்காங்க. குளிர் தேசத்துல நாய் உடம்பு ஒரு கம்பளி மாதிரி. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் குளிர் ராத்திரியில டிங்கோ நாயை அணைச்சுக்கிட்டே தூங்குவாங்க. நமக்கு அந்தத் தேவை இருந்தது இல்ல. சித்திரை வைகாசியில மனுசனே உள்ள படுக்க முடியாம பாயைச் சுருட்டிக்கிட்டு வாசலுக்கு வந்துடுவான்.

நம்ம பக்கம் நாய்க்கு மரியாதை காவலாலயும் வீரத்தாலயும் வந்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு. மகேந்திரவர்ம பல்லவனோட 34-வது ஆட்சியாண்டுல நட்டது, அதாவது ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்திங்கற வீரன் செத்ததுக்கு வச்ச கல். அதுலயே அவனோட நாயையும் செதுக்கி, கோவிவன்னு அதோட பேரையும், அது ரெண்டு கள்ளரைக் கடிச்சுதுங்கறதையும் எழுதி வச்சிருக்காங்க. 1,400 வருசம் ஆகியும் ஒரு நாயோட பேரு நமக்குத் தெரியுது. நம்ம கொள்ளுத் தாத்தாவுக்கு அப்பா பேரு நம்மள எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு கல்லு கர்நாடகாவுல ஆதகூர்ல கிடைச்சது. அதுல நம்ம சோழர் கதையும் இருக்கு. கி.பி. 949-ல தக்கோலம் போர்ல பராந்தக சோழன் மகன் ராஜாதித்தன் யானை மேலயே செத்துப் போனான். எதிர்ப் பக்கத்துல சண்டை போட்ட மணலேரங்கற வீரனை அரசன் கூப்பிட்டு என்ன வேணும்னு கேட்டப்ப, அவன் கேட்டது காளிங்கற வேட்டை நாயை. அந்த நாய் அப்புறம் ஒரு காட்டுப் பன்றியோட மோதி, ரெண்டும் செத்துப் போச்சு. அதுக்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டாங்க.

கோயில்லயும் இதே கணக்குதான். சிவன் கோயில்ல பைரவர் பக்கத்துல நாய் நிக்கும். அர்த்தசாமம் முடிஞ்சு கதவைச் சாத்தினதும் சாவியை பைரவர்கிட்ட வச்சுட்டுப் போறது வழக்கம். ஆனா பைரவர் இருக்குறது பிரகாரத்துல, கருவறையில இல்ல. ஊர் எல்லை அய்யனார் கோயில்லயும் மண் குதிரைங்களோட நாயும் நிக்கும். நாய்க்குச் சாமிகிட்டயே இடம் உண்டு, அந்த இடம் எல்லையில.

நம்ம வீட்டு அமைப்பும் அப்படித்தான் இருந்துச்சு. வாசல், திண்ணை, ரேழி, கூடம், முத்தம், அதுக்குப் பின்னாடி கொல்லை. கூரை வீடா இருந்தாலும் மண் திண்ணை ஒண்ணு இருக்கும். நாய் திண்ணை ஓரத்துல, இல்லன்னா வாசப்படிக்குக் கீழ படுக்கும். பெரியவங்க கயித்துக் கட்டிலைப் போட்டா கட்டிலுக்கு அடியில படுக்கும். ரேழியில கால் வச்சா "ஏய்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான் பயிற்சி. வீட்டுல எல்லாருமே அந்த ஒரே சத்தத்தைத்தான் போடுவாங்க. அந்த எடத்துலேர்ந்து வீட்டு ஆளுங்களோட மூச்சுச் சத்தம் நாய்க்குக் கேக்கும், தெருவுல வர்றவனோட காலடியும் கேக்கும். அதனால அதுக்குத் தனியா விட்ட மாதிரி தோணாது.

தை மாசம் சம்பா அறுப்பு வந்துட்டா நாய் களத்துக்கு இடம் மாறிடும். கதிர்க்கட்டு அடிச்சு, தூத்தி, நெல்லைக் குவிச்சு, யாரும் கை வச்சா தெரியணும்னு குவியல் மேல சாணிப்பால் குறி போட்டுட்டு ராத்திரிக் காவலுக்கு ஒரு ஆள் படுப்பாரு. வைக்கப்போர்ல பள்ளம் பறிச்சுக்கிட்டு நாயும் பக்கத்துலயே படுத்திருக்கும். பனிக்கு வைக்கோல் கதகதப்பா இருக்கும். வேலை இருந்துச்சு, கூலியா பழைய சோறு இருந்துச்சு, படுக்க எடமும் இருந்துச்சு.

இதைச் சொல்லும்போது ஒண்ணை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்து வாசக்கோடு நாய்க்கு மட்டும் போட்டது இல்ல. அந்த வயல்ல உழைச்ச பண்ணையாளுங்களும் பெரிய வீடுகள்ல அந்தக் கோட்டுக்கு வெளியிலதான் நின்னாங்க. 1952-ல தஞ்சாவூர் சாகுபடிதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் சும்மா இல்ல, அதுக்குப் பின்னாடி பெரிய போராட்டம் இருந்துச்சு. மனுசனை வெளியில நிறுத்தின கோடு ஒழிஞ்சது நல்லதுதான். அதனால பழைய வீடே வேணும்னு நான் சொல்ல வரல. நாயோட எடத்தை மட்டும்தான் பேசுறேன்.

நாயைத் தள்ளி வச்சதுக்குப் பயமும் ஒரு காரணம். பாஸ்டர் 1885-ல வெறிநாய்க்கடிக்கு ஊசி கண்டுபிடிச்சாரு. இந்தியாவுல முதல்ல 1900-ல இமயமலைப் பக்கம் கசௌலியில அதுக்கு நிலையம் வந்துச்சு. தெற்குல 1907-ல குன்னூர்ல பாஸ்டர் நிலையம் தொறந்தாங்க, அமெரிக்காக்காரர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த பணம் அதுக்கு உதவிச்சு. அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல கடி வாங்கினவன் ரயிலேறி இமயமலைக்குப் போகணும். பிற்பாடு ஊசி பக்கத்துல கிடைச்சாலும், ஆட்டு மூளையிலேர்ந்து செஞ்ச அந்த மருந்தைத் தொப்புளைச் சுத்தி 14 ஊசியாப் போடுவாங்க. என் வயசுக்காரங்களுக்கு அந்தப் பயம் இன்னும் போகல. இப்ப கையில போடுற ஊசி வந்துடுச்சு, நாய்க்கும் வருசா வருசம் தடுப்பூசி போடலாம். பயம் குறைஞ்சதும் நாய் இன்னும் கொஞ்சம் உள்ள வந்துச்சு.

அப்புறம் வீடு மாறிச்சு. திண்ணையை இடிச்சு கிரில் கேட்டும் கார் நிக்க இடமும் வந்துச்சு. 2018 நவம்பர் 16-ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, கடலோரம் முழுக்கக் கூரை வீடுகளைச் சாய்ச்சுது. அதுக்கப்புறம் எழும்பின சின்ன கான்கிரீட் வீடுகள்ல திண்ணைக்கு எங்க இடம்? அறுப்பு மெஷின் வந்து வயல்லயே நெல்லைக் கொட்டுது, அங்கேருந்து நேரா கொள்முதல் நிலையத்துக்குப் போகுது. களத்துக் காவலும் போச்சு.

நாயும் மாறிச்சு. 2003 வாக்குல ஹட்ச் போன் விளம்பரத்துல ஒரு பக் நாய் பையன் பின்னாடியே ஓடுனதுலேர்ந்து எல்லாருக்கும் அந்த நாய் மேல ஆசை. அப்புறம் லாப்ரடார், ஹஸ்கின்னு குளிர் தேசத்து ரோமக்காரனுங்க வந்தாங்க. தஞ்சாவூர் வெயில்ல அதுங்க நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு மூச்சு வாங்கும். வீட்டுல ஏ.சி. இருக்குறது ஒரே ரூம்ல, அந்த ரூம்ல இருக்குறது ஒரே கட்டில். அப்ப நாய் வேற எங்க படுக்கும்?

அதனால கட்டிலை விட்டு இறக்கணும்னா முதல்ல அதுக்கு ஒரு திண்ணை கொடுக்கணும். ஒரு கோணிச்சாக்கை நாலா மடிச்சு, மேல நம்ம பழைய வேட்டி ஒண்ணைப் போடுங்க, நம்ம வாசனை அதுல இருக்கும். முதல்ல அதைக் கட்டிலுக்குப் பக்கத்துலயே தரையில போடுங்க. ராத்திரி சாப்பாட்டுல கடைசிக் கவளத்தை அந்தச் சாக்கு மேல மட்டும் கொடுங்க. சாயங்காலம் வரப்புல நல்லா நடக்க விட்டுட்டா அதுவே அசந்து படுக்கும். ராத்திரி கட்டில்ல ஏறினா திட்டாம, கொஞ்சாம, ஒரே ஒரு சொல்லு சொல்லி இறக்கிக் கொண்டுபோய் சாக்குல விடுங்க. பத்து தடவை ஏறினா பத்து தடவையும் அதேதான். வீட்டுல ஒருத்தர் இறக்க, இன்னொருத்தர் கூப்பிட்டுப் பக்கத்துல படுக்க வச்சா எந்த ஜென்மத்துலயும் நடக்காது. நாலஞ்சு நாளைக்கு ஒரு தரம் சாக்கைக் கொஞ்சம் கொஞ்சமா கதவுப் பக்கம் நகர்த்துங்க. ரூமுக்கு வெளியில போனாலும் நம்ம சத்தம் கேக்குற தூரத்துலயே இருக்கட்டும், வெயில் காலத்துல அங்க ஒரு ஃபேனும் ஓடட்டும். குட்டின்னா சீக்கிரம் பழகும், வளர்ந்த நாய்க்கு ஒரு மாசம் ஆனாலும் ஆகும். குழந்தை வரப்போற வீடுன்னா ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க. உண்ணி, குடல்புழு மருந்தையும் கால்நடை டாக்டர்கிட்டக் கேட்டு மாத்தாமக் கொடுங்க.

ஒரு சாக்கு, ஒரு சொல்லு, ஒரு மாசம் பொறுமை. இதைச் செய்ய மனசு இல்லாம பைபாஸ்ல இறக்கி விடுற நாய், நாம திரும்பி வருவோம்னு அந்த எடத்துலயே நாள் கணக்குல உக்காந்திருக்கும். கோவிவனுக்குக் கல் நட்ட ஜனங்க நாம. நம்ம நாய்க்கு வீட்டுல மூணு அடி எடம் ஒதுக்க முடியாதா?